தபாலில் போடாத பதினோரு உறைகள்

பதினோரு உறைகளை நான் தபாலில் போடவில்லை. போட்டாயிற்று என்று வாய் கூசாமல் சொல்லியும் விட்டேன். அதில் ஒன்று நாட்டரசன்கோட்டைக்காரர் ஒருவருக்குப் போக வேண்டியது. அது போகாததால் அவருடைய வருஷங்கள் பாழாயின. இதை இத்தனை காலம் எழுதாமல் இருந்ததற்குப் பயம்தான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

அறுபதுகளின் நடுவில் காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. சொந்த ஊரான ஒக்கூரில் கொஞ்சம் நிலம், காரைக்குடிச் செக்காலையில் வாடகை வீடு, எங்கள் வகையறாவில் ஆபீஸுக்குப் போன முதல் பெண் நான். வேலை என்னவென்று கேட்பவர்களிடம் 'துருவைப் பற்றி ஆராய்ச்சி' என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். படித்துப் படித்துக் கடைசியில் துருவா என்று என் மாமா ஒருத்தர் சாப்பாட்டுப் பந்தியில் வைத்தே கேட்டார். இரும்புத் துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, எடை போட்டு, நூலில் கட்டித் தண்ணீர்க் குவளைகளில் தொங்கவிடுவேன். நாள் கணக்கு முடிந்ததும் எடுத்து, துருவை நீக்கி, மறுபடியும் எடை போடுவேன். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு இரும்பைத் தண்ணீர் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்து வயல்களிலும் அரிசி மில்களிலும் அப்போது ஆயில் என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. என்ஜின் சூட்டைத் தணிக்க ஒரு தொட்டித் தண்ணீர் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். அந்தத் தண்ணீர் உள்ளே இரும்பை அரித்துவிடும். அதை எப்படித் தடுப்பது என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சீமையிலிருந்து வரும் மருந்துகளின் விலை எங்கள் ஊர் ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனைதான். எங்கள் பக்கம் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரை அரைக்கும்போது கடுக்காய் ஊறிய தண்ணீரை ஊற்றுவார்கள். ஒக்கூர் வீட்டில் மராமத்து நடந்தபோது, கொத்தனார் கடுக்காய் ஊற வைத்திருந்த இரும்பு வாளியைப் பார்த்தேன். வெளிப்பக்கம் முழுக்கத் துரு. உள்ளே மட்டும் கறுப்பாக ஒரு படலம் பிடித்து, துருவே இல்லை. அன்றைக்கே ஒரு படி கடுக்காயை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடுக்காய்த் தண்ணீர் வேலை செய்தது. முப்பது நாள் வைத்துப் பார்த்ததில் குவளைக்குக் குவளை இரும்பு தேறி நின்றது. எங்கள் பிரிவுத் தலைவர் வெளிநாட்டில் பல வருஷம் இருந்து திரும்பியவர். பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. நான் எழுதிக் கொடுத்த கட்டுரையைத் திருத்தி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். அச்சாகி வர ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகும் என்றார். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், ஸ்டென்சில் அடித்து சைக்ளோஸ்டைலில் நாற்பது பிரதி எடுத்து இந்த வேலை தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பு என்று ஒரு பட்டியலும் கொடுத்தார். அச்சுக்கு முன்பே அனுப்புகிற இதற்கு பிரீபிரின்ட் என்று பேர் என்பதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அவருடைய அலமாரியில் அப்படி எங்கெங்கிருந்தோ வந்த பிரதிகள் கட்டுக் கட்டாக இருந்தன.

"அச்சுல வந்தப்புறம் தப்பைச் சொன்னா யாருக்கும்மா லாபம்? இப்பச் சொன்னா திருத்திக்கலாம்ல. இதே வேலையை வேற யாராவது பண்ணிக்கிட்டிருந்தா, அவங்களும் ஒரே குழியை ரெண்டு தடவை வெட்டாம இருப்பாங்க."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் அனுப்ப எனக்கு மனசே இல்லை.

அதற்குக் காரணம் என் அம்மா, இல்லையென்றால் அம்மாவின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிற நான். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்தையும் முடிகிற வரைக்கும் வெளியே சொல்ல மாட்டோம். பிள்ளை உண்டானால் ஐந்தாம் மாதம் வரை மூச்சு விடக்கூடாது. மாடு வாங்குவதாக இருந்தால் அது கொட்டிலுக்கு வந்த பிறகுதான் பேச்சு. அக்காவுக்குத் தேவகோட்டையிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தபோது, வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மா பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். யார் போய் என்ன ஓதினார்களோ, அவர்கள் ஜாதகம் சரியில்லை என்று திரும்பிப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு இது வேதவாக்கு. நான் கட்டுரையைப் பற்றிச் சொன்னதும் அம்மா முதலில் கேட்டது, யாரிடமாவது சொன்னாயா என்றுதான்.

"வாயத் தொறக்காத ஆத்தா. தூரத்துல இருக்கவுக என்ன செய்யப் போறாக? பக்கத்துல இருக்கவுக கண்ணுதேன் படும்."

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எம்.எஸ்ஸி. படித்தவள் நான். ஆனால் மறுநாள் பட்டியலை வைத்துக்கொண்டு உறைகளில் விலாசம் எழுதும்போது அம்மா சொன்னது கையைப் பிடித்து இழுத்தது. வெளிநாட்டுக்காரனுக்குக் கடுக்காய் என்றால் என்னவென்றே தெரியாது, அவனுக்கு அனுப்பலாம். பம்பாய், கல்கத்தா, பரவாயில்லை. ஆனால் மதுரைக்காரனும் திருச்சிக்காரனும் கடுக்காயை நாலணாவுக்கு வாங்கி, என் முப்பது நாள் வேலையை இருபது நாளில் செய்து, எனக்கு முன்னால் அச்சில் ஏற்றிவிட்டால்? மதுரைக் கல்லூரி விலாசம் ஒன்றுக்குப் பக்கத்தில் தலைவர் பென்சிலால் எழுதியிருந்தார்: நாட்டரசன்கோட்டைக்காரர், கூட்டத்தில் நல்ல கேள்வி கேட்டவர். அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. நாட்டரசன்கோட்டைக்காரன் வீட்டுச் சுவரிலும் கடுக்காய்த் தண்ணீர்தானே ஊற்றியிருப்பார்கள்!

இருபத்தொன்பது உறைகள் தபாலுக்குப் போயின. நம் மாகாணத்துக்குள் போக வேண்டிய பதினொன்று, என் பீரோவின் அடித்தட்டில் காலிக் குப்பிகளுக்குப் பின்னால் போயின. எல்லாவற்றிலும் விலாசம் எழுதியிருந்தேன், ஸ்டாம்பு மட்டும்தான் ஒட்டவில்லை. அச்சில் வந்த பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். தலைவர் கேட்டபோது எல்லாம் அனுப்பியாச்சு சார் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என் சொல்லைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது.

தூரத்திலிருந்து இரண்டு மூன்று தபால் அட்டைகள் வந்தன. வாழ்த்துகள், கடுக்காய் என்பது என்ன மரம் என்ற கேள்வி, அவ்வளவுதான். பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்?

ஒன்றே கால் வருஷம் கழித்து அச்சில் வந்தது. என் பெயரை அச்சில் பார்த்த அன்று அம்மா கருப்பட்டிப் பணியாரம் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தார். இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவரே வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்தப் பதினோரு உறைகளும் அப்போது என் நினைவிலேயே இல்லை.

மூன்றாம் வாரம் அவர் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், வேஷ்டி, வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. மதுரையில் ஒரு கல்லூரியில் தற்காலிக டியூட்டர், சொந்த ஊர் நாட்டரசன்கோட்டை என்றார். சனி ஞாயிறுக்கு ஊருக்கு வந்த இடத்தில், என்னைப் பார்த்துவிட்டுப் போக இங்குட்டு வந்ததாகச் சொன்னார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து பையிலிருந்து என் கட்டுரை வந்த பத்திரிகையை எடுத்து மேஜை மேல் வைத்தார். பக்கத்திலேயே தடிமனான ஒரு நோட்டை வைத்தார்.

"நீங்க இத எப்ப முடிச்சீக?"

சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். தானும் கடுக்காய்தான் பண்ணியதாகச் சொன்னார். மூன்று வருஷமாக. எங்கே இந்த யோசனை வந்தது என்று கேட்டேன். வீட்டு வேலைக்கு வந்த கொத்தனாரின் வாளியைப் பார்த்துத்தான் என்றார். எனக்கே எனக்கென்று நினைத்த யோசனை, இந்தச் சீமையில் காரை அரைக்கிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாளி வாளியாகக் கிடந்திருக்கிறது.

அவர் குற்றம் சாட்ட வரவில்லை. என்னை வாழ்த்த வந்திருந்தார், அதுதான் கொடுமை. அவருடைய டாக்டர் பட்டத்துக்கு இதுதான் பொருள். அச்சில் வந்துவிட்டதால் இது இனிப் புதுசு இல்லை, வேறு பொருள் எடு என்று அவருடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு முடிய ஏழு மாதம்தான் இருந்தது. பட்டம் வந்தால்தான் கல்லூரியில் நிரந்தரம். ஏழு மாதத்தில் புதிதாக எதைத் தொடங்கி எதை முடிப்பது?

"நீங்க முடிச்ச அன்னைக்கு யாராச்சும் ஒரு கடுதாசி போட்டிருந்தா, நான் அப்பவே அங்குட்டு இங்குட்டுத் திரும்பியிருப்பேன். கைல நாள் இருந்துச்சு. யாரையும் சொல்லிக் குத்தமில்ல."

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். வந்தவரை அடையாளம் தெரிந்துகொண்டு, என்ன ஏது என்று கேட்டு, முழுக்கவும் தெரிந்ததும் முகம் வாடிப்போனார். உங்களுக்குத்தான் பிரதி அனுப்பினோமே, பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததே என்றார். வந்தவர், எதுவும் வரவில்லை என்றார். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அது சந்தேகப் பார்வை இல்லை. அனுப்பினோமில்லையா என்று சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை.

நான் "ஆமா சார்" என்றேன்.

இரண்டே சொல். இன்றைக்கும் என் வாயைக் கிழித்துக்கொள்ளலாமா என்று வரும். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

வந்தவரே ஒரு காரணம் தேடினார். கல்லூரியில் தபால் பிரிப்பது ஓர் அட்டெண்டர் என்றார். தனக்கு வேண்டிய மனிதர், லீவு நாளிலும் தனக்காக லேபைத் திறந்துவிட்டுக் காவல் இருப்பவர், ஆனால் மறதி அதிகம். "அவருதேன் எங்கயாச்சும் போட்டுட்டாரு போல" என்று மெதுவாகச் சொன்னார். நான் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவும் இல்லை, நானும் நகரவில்லை.

போகும்போது அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். தனக்கு இனி ஆகப் போவதில்லை, உங்களுக்காவது உதவட்டும் என்றார். மூன்று வருஷ உழைப்பை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

நோட்டைப் படித்தபோதுதான் நான் செய்ததன் முழு அளவும் தெரிந்தது. அவருடைய கணக்குகள் எட்டு மாதமாக ஒன்றுக்கொன்று ஒத்து வரவில்லை. துருவை நீக்க வெறும் அமிலத்தில் முக்கியிருக்கிறார். அது துருவோடு நல்ல இரும்பையும் தின்றுவிடும். அமிலத்தில் என்ன சேர்த்தால் இரும்பு தப்பிக்கும் என்பது என் கட்டுரையின் நாலாம் பக்கத்தில் இருந்தது. பீரோவுக்குள் குப்பிகளுக்குப் பின்னால் இருந்தது.

அதோடு முடியவில்லை. நான் அச்சில் ஏற்றுகிற அவசரத்தில் முப்பதாம் நாளோடு நிறுத்திக்கொண்டேன். அவர் மழைக்காலம் முடிகிற வரை விட்டுப் பார்த்திருக்கிறார். நாற்பது நாளுக்கு மேல் கடுக்காய்த் தண்ணீர் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை ஒட்டிய இடத்தில் இரும்பில் ஊசி குத்தியது மாதிரிக் குழி விழுகிறது. அதற்கு என்ன மருந்தை எத்தனை சொட்டு சேர்க்க வேண்டும் என்பதையும் கண்டுபிடித்து, அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். செக்காலையில் ஓர் அரிசி மில்காரர் எங்கள் பேச்சை நம்பி என்ஜின் தொட்டியில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றியிருந்தார். இரண்டாம் மாதம் குழாயெல்லாம் கொழகொழவென்று அடைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கூடத்து வாசலுக்கே வந்து நின்று எங்களைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டுப் போனார். காரணம் தெரியாமல் நாங்கள் முழித்துக்கொண்டிருந்தோம். காரணம் இந்த நோட்டில் இருந்தது. என்னிடம் பாதி, அவரிடம் பாதி. இருவருக்கும் நடுவில் மூன்று மணி நேர பஸ் பயணம்.

பூஞ்சைப் பகுதியை அவர் பெயரை முதலில் போட்டு எழுதினேன். முடித்த அன்றைக்கே சைக்ளோஸ்டைல் எடுத்து, ஸ்டாம்பு ஒட்டி, நானே நடந்து போய்ப் போட்டேன், பக்கத்து ஊர்களுக்கு முதலில். பத்தே நாளில் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருத்தர் எழுதினார், உப்புத் தண்ணீரில் இந்த அளவு போதாது, தான் பார்த்திருப்பதாக. அதை அச்சுக்குப் போகும் முன்பே சேர்த்துவிட்டோம். யார் கண்ணும் படவில்லை, ஒருவரும் எதையும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அது முடிந்த காரியம், அதனால் படவில்லை என்றார். அவரிடம் என்ன பேசுவது?

ஆனால் கட்டுரை அச்சாவதற்குள் அவருடைய கெடு முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் கல்லூரியில் அவர் இடத்தில் வேறு ஒருவரை நிரந்தரம் செய்தார்கள். அவர் நாட்டரசன்கோட்டைக்குத் திரும்பி அப்பாவின் நிலத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டதாக ஒரு தபால் அட்டையில் நாலு வரி எழுதியிருந்தார். அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க அழுதேன். அழுதும் அவருக்கு ஒரு வரி உண்மை எழுதவில்லை.

எட்டு வருஷம் போயிற்று. எழுபதுகளின் நடுவில் தலைவர் ஓய்வு பெற்றார். அறையைக் காலி செய்தபோது பழைய பட்டியல் அவர் கையில் அகப்பட்டது. அந்த நாட்டரசன்கோட்டைப் பையனுக்குத் தபால் போகாமல் போனது இன்னும் மனதை உறுத்துகிறது, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும், தன் தப்புத்தான் என்றார். என் பொய்க்கு அவர் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் பீரோவைத் திறந்து குப்பிகளை நகர்த்தினேன். பதினொன்றும் அப்படியே இருந்தன, ஓரம் மட்டும் பழுப்பேறியிருந்தது. தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பட்டியலை மடித்து மேஜை மேல் வைத்தார். பிறகு, என்கிட்ட ஏம்மா சொல்ற, அவர்கிட்டப் போய்ச் சொல்லு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றையும் பையில் போட்டுக்கொண்டு நாட்டரசன்கோட்டைக்குப் போனேன். அவர் கிணற்றடியில் ஆயில் என்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, எப்ப வந்தீக" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார். வீட்டுக்குள் கூட்டிப் போய் மோர் கொடுக்கச் சொன்னார். மோரைக் குடித்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்து, தம்ளரைத் தொடாமலே அவர் விலாசம் எழுதிய உறையை நீட்டினேன். தபால் தொலையவில்லை, நான்தான் போடவில்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை என்று சொன்னேன்.

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விலாசமெல்லாம் சரியாத்தேன் எழுதியிருக்கீக."

கிழித்து, உள்ளே இருந்ததைப் படிக்கத் தொடங்கினார். சும்மா புரட்டவில்லை, ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரலில் இருந்த என்ஜின் எண்ணெய் ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டியது. நாலாம் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். படித்து முடித்துத் தாள்களை அடுக்கி மறுபடியும் உறைக்குள் வைத்தார்.

"அந்த அட்டெண்டரு செத்து ரெண்டு வருசமாச்சு. நான் தொலைக்கலப்பா, எம்புள்ளைக மேல சத்தியம்னு சொன்னாரு. நம்பல. கடைசி வரைக்கும் நான் அவரோட பேசல. சாவுக்கும் போகல."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மோர் அப்படியே இருந்தது. அவர் எழுந்து என்ஜினைப் பார்க்கப் போய்விட்டார். நான் நடந்து வந்து பஸ் ஏறினேன். பையில் மிச்சம் பத்து உறைகள் இருந்தன.